பையைக் கொட்டிப் பாருங்கள்: தோட்டப்புற ஊர் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டாக்டர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் சிலாங்கூரில், ஒரு பக்கம் செம்பனைக் காடும் மறுபக்கம் நான்கு வரிசைக் கடைவீடுகளுமாக இருக்கிற ஒரு சின்னப் பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. தோட்ட ஆஸ்பத்திரியில் 31 வருஷம் டிரெசராக இருந்தவன். அரிவாள் வெட்டுக்குத் தையல் போட்டிருக்கிறேன். பாம்பு கடித்தவரை லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். பெரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பு, முடிந்து வரிசையில் நின்றவர்களுக்கு மருந்து ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். தோட்டம் விலை போனபோது ஆஸ்பத்திரியும் போய்விட்டது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த ஜனங்கள் இப்போது பட்டணத்து அடுக்குமாடியில் இருக்கிறார்கள். ஆனால் உடம்புக்கு ஏதாவது வந்தால் இன்னமும் என் வாசலுக்கு வந்து, "டிரெசர் ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று மாத்திரைப் பையை நீட்டுகிறார்கள். அந்தப் பைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதத் துணிந்தேன். அரசாங்கக் கிளினிக்கில் இருக்கிற உங்களுக்கும், கடைவீட்டில் கிளினிக் வைத்திருக்கிற உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் அண்ணியின் கதை. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

அண்ணிக்கு 68 வயது. சின்ன வயதில் ரப்பர்ப் பால் வெட்டினார், அப்புறம் செம்பனை வந்ததும் இருபது வருஷத்துக்கு மேல் உதிரிப் பழம் பொறுக்கினார். போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ராத்திரி இரண்டு மணிக்குக் குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. நெற்றியில் மட்டும் புடைப்பு. காலையில் பார்க்கப் போனேன். சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, அவருடைய சிவப்புப் பிளாஸ்டிக் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். 'மாக்கான் 1 பிஜி, 1 காலி செஹாரி' (ஒரு மாத்திரை, ஒரு நாளைக்கு ஒரு தடவை) என்று மலாயில் ஒட்டிய சின்னச் சின்ன உறைகள். அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்தது, தனியார் கிளினிக்கில் கொடுத்தது, பக்கத்து வீட்டு அக்கா "எனக்கு நல்லா கேட்டுச்சு" என்று கொடுத்தது எல்லாமாகச் சேர்த்து 11 வகை. தேதியைப் பார்த்து ஒவ்வொன்றாக வரிசையில் வைத்தேன். வைக்க வைக்க, சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருவது மாதிரி விஷயம் தெரிய ஆரம்பித்தது.

முதலில் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம். அது 10 ஆனது. 10 ஆன இரண்டாவது மாதம் கணுக்கால் வீக்கம். வீக்கத்துக்கு ஃபுரூஸமைடு, அதாவது நம் ஜனங்கள் 'மூத்திர மாத்திரை' என்று சொல்வது. அதைக் காலையில் போட வேண்டும் என்று அண்ணிக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை, அவர் பசியாறிய பின் வெளியே போகிற வேலை இருக்கிறது என்று ராத்திரிக்குத் தள்ளிவிட்டார். ராத்திரியில் நான்கு தடவை எழுந்தார். தூக்கம் கெட்டது. "தூக்கமே வரல டாக்டர்" என்றார், தூக்க மாத்திரை வந்தது. தூக்க மாத்திரையின் மயக்கத்தோடு மூத்திரத்துக்கு எழுந்தவர்தான் அன்றைக்கு விழுந்தார். விழுந்த வலிக்கு இன்னொரு கிளினிக்கில் ஊசியும் வலி மாத்திரையும். வலி மாத்திரை பிரஷரை ஏற்றும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்படியே விட்டிருந்தால் அடுத்த தடவை பிரஷர் மாத்திரையைக் கூட்டியிருப்பார்கள்.

அம்லோடிபினால் வருகிற வீக்கம் உடம்பில் உப்பும் நீரும் தங்குவதால் வருவதில்லை. அந்த மருந்து ரத்தக் குழாயின் முன்வாசலை அகலத் திறந்துவிடுகிறது, பின்வாசல் அதே அளவுக்குத் திறப்பதில்லை, நடுவில் தேங்குகிற அழுத்தத்தில் நீர் சதைக்குள் கசிகிறது. அதனால் மூத்திர மாத்திரை அதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. மருந்தளவைக் குறைத்தாலோ வேறு மருந்தைச் சேர்த்தாலோதான் இறங்கும். இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பதால் நான் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரு தாளில் தேதியோடு எழுதி, வேறு ஊரிலிருந்த ஓர் இளம் டாக்டரிடம் அண்ணியைக் கூட்டிப் போனேன். அந்தப் பிள்ளை தாளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பார்த்துவிட்டு அண்ணியிடம், "பாட்டி, கால் வீங்கினது முதலா, இந்த மாத்திரை முதலா?" என்று தமிழில் கேட்டாள். அவ்வளவுதான். மூன்று வாரத்தில் அண்ணிக்குச் செருப்பு காலில் ஏறியது. இப்போது அந்தப் பையில் ஐந்து உறை இருக்கிறது.

இந்த ஒரு கேள்வியைத்தான் உங்கள் எல்லாரிடமும் கேட்டு வாங்க வந்திருக்கிறேன்: இது முதலா, அது முதலா?

இதே மாதிரி வேறு சிலவும் என் வாசலுக்கு வரும். பெரிண்டோபிரில் என்ற பிரஷர் மாத்திரை போடுகிறவருக்கு அந்த மாத்திரையாலேயே வரக்கூடிய வறட்டு இருமல், அதற்கு மாதக்கணக்கில் இருமல் தண்ணி. பத்து வருஷமாக இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, மெட்ஃபார்மின் போடுகிறவருக்குப் பாதம் மரத்துப்போகிறது, "இனிப்பு நீர் இருந்தா அப்படித்தான்" என்ற பதில். இனிப்பு நீரால் அப்படி வரலாம். ஆனால் மெட்ஃபார்மின் நீண்ட காலம் போட்டால் வைட்டமின் பி12 குறையும் என்பதும், பி12 குறைந்தாலும் பாதம் மரக்கும் என்பதும் தெரிந்த விஷயம்தானே. அசதி, நாக்கு எரிச்சல், ஞாபக மறதி எல்லாம் கூடவே வரலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுகிறதை இனிப்பு நீரின் தலையிலேயே கட்டிவிட்டால், சரிசெய்யக்கூடிய நரம்பு சரிசெய்ய முடியாததாகிவிடும். நம் ஆட்களில் பாதிப் பேர் செவ்வாய், வெள்ளி, கார்த்திகை, புரட்டாசி என்று மச்சம் மாமிசம் தொடாத நாட்களை எண்ணினால் வருஷத்தில் எவ்வளவோ போய்விடும். பி12 எங்கிருந்து வரும்?

ரத்தச் சோகையும் அப்படித்தான். மாதவிடாய் வருகிற பெண்ணுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறீர்கள், சரி. அவர் அதைச் சாப்பாட்டோடு தே தாரேயில், அதாவது ஆற்றிய பால் தேநீரில், முழுங்குகிறார். தேயிலை இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குப் போகாது. மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லை என்றால், எதோடு சேர்த்துப் போடுகிறார் என்று கேளுங்கள், மாதம் எத்தனை நாள் போகிறது என்று கேளுங்கள். அறுபது வயது ஆணுக்கு ரத்தம் குறைந்தால் மட்டும் சாப்பாட்டைக் குற்றம் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உள்ளே எங்காவது ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். வலி மாத்திரையால் வயிறு புண்ணாகியிருக்கலாம், குடலில் வேறு ஏதாவது இருக்கலாம்.

ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'பெனிங்'. மலாயில் தலைசுற்றல் என்று அர்த்தம்.

எங்கள் ஊர்ப் பாட்டிகள் மலாய்க்கார டாக்டரிடமோ தாதியிடமோ போனால், எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லைத்தான் சொல்வார்கள். ஆனால் வீட்டில் அதே பாட்டி என்ன சொல்கிறார் தெரியுமா? "தலை சுத்துது" என்பது ஒன்று. "கிறுகிறுன்னு வருது" என்பது ஒன்று. "எழுந்தா கண்ணு இருட்டுது" என்பது வேறு. "தலை பாரமா இருக்கு", "நெஞ்சு படபடங்குது", "ஒரே அசதி" எல்லாம் வேறு வேறு. வீடே சுழல்கிற மாதிரி இருந்தால் காதின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எழுந்தவுடன் கண் இருட்டினால் பிரஷர் மாத்திரை அதிகமா, உடம்பில் தண்ணீர் குறைந்ததா என்று பார்க்க வேண்டும். படபடப்பும் அசதியும் சேர்ந்திருந்தால் ரத்தமோ தைராய்டோ. இத்தனையும் கிளினிக் கதவைத் தாண்டும்போது ஒரே பெனிங்காகச் சுருங்கி, ஒரே வெள்ளை மாத்திரையாகத் திரும்பி வருகிறது. தமிழ் தெரிந்த டாக்டர்களே, உங்கள் அம்மாவும் ஆத்தாவும் பேசிய சொற்கள் இவை. தமிழ் தெரியாதவர்களுக்கு இதை எழுதிக் கொடுங்கள், பத்துச் சொல் போதும். ஒரு பாட்டி 'வாய்வு' என்று சொன்னால் அது ஏப்பமாகவும் இருக்கும், நெஞ்சு வலியாகவும் இருக்கும். இதை இலேசாக விட்டு இழந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேரைத் தேடிப் போவது ஏதோ இப்போது வந்த நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த மண்ணிலேயே அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் வரலாறு இருக்கிறது. 1901ல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், மலேரியாக் காய்ச்சலில் விழுந்தவர்களுக்குக் கொயினா மருந்து கொடுத்ததோடு நிற்கவில்லை. மலேரியாவைக் கொசுதான் கொண்டுபோகிறது என்று ரோனால்டு ராஸ் 1897ல் இந்தியாவில் கண்டுபிடித்திருந்தார். வாட்சன் சதுப்பு நிலத்தை வடியவைத்தார், கால்வாய் வெட்டவைத்தார். கிள்ளானிலும் இன்று போர்ட் கிள்ளான் என்கிற அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமிலும் காய்ச்சல் சடசடவென்று இறங்கியது. அந்தக் கால்வாய்களை மண்வெட்டியால் வெட்டியவர்களில் நம் தாத்தாக்களும் உண்டு.

அதைவிட எனக்குப் பிடித்தது பெரிபெரியின் கதை. அந்தக் காலத்தில் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளிகள் கால் வீங்கி, மூச்சு முட்டி, ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதே நாட்டில், அதே வெயிலில், அதே மழையில் தமிழ்த் தொழிலாளிகளுக்கு அது அநேகமாக வரவே இல்லை. ஏன்? நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த பிராடன் என்ற மருத்துவர் இரண்டு பேர் தட்டையும் பார்த்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளை அரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. வில்லியம் ஃபிளெட்சர் என்பவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஒரு பாதிப் பேருக்கு வெள்ளை அரிசியும் மறு பாதிப் பேருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார், நோய் வெள்ளை அரிசிப் பக்கம்தான் குவிந்தது. அந்த முடிவு 1907ல் வெளிவந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் அதை மேலும் உறுதி செய்தார்கள். பிராடன் அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று நினைத்தார், அது தவறு. தவிட்டோடு போய்விடுகிற வைட்டமின் பி1தான் குறை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அவர் பார்த்த இடம் சரி. மனிதனின் காலைப் பார்த்ததோடு தட்டையும் பார்த்தார். நெல்லை அவித்துக் காயவைத்த நம் பாட்டிமார்களின் பழக்கம் ஒரு பெரிய வைத்தியக் கேள்விக்கு விடை சொன்னது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்னமும் நெஞ்சு நிறையும். இன்றைக்கு நம் வீடுகளில் இருக்கிறதும் அதே வெள்ளை அரிசி ஆகிவிட்டது, அது தனி வருத்தம்.

2019ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணைச் சொன்னால் உடனே "நீங்க சீனி அதிகமா சாப்பிடுறீங்க" என்று திட்டு விழுகிறது. சாப்பிடுகிறோம், மறுக்கவில்லை. கெட்டிப் பால் ஊற்றிய தே நாளைக்கு நான்கு கிளாஸ் போகிறது. பரம்பரையும் இருக்கிறது. ஆனால் யார், எப்போது, ஏன் அப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்டீர்களா?

எங்கள் அடுக்குமாடியில் ஒரு தம்பி ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, பார்க்கிறார். ராத்திரி ஏழிலிருந்து காலை ஏழு வரைக்கும். தூக்கம் வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒரு தே, மூன்று மணிக்கு மீ கோரெங். காலையில் வந்து ரொட்டிச் சானாய் சாப்பிட்டுப் படுக்கிறார், மேல் மாடியில் பிள்ளைகள் ஓடுகிற சத்தத்தில் நான்கு மணி நேரம் தூங்கினால் அதிகம். குறட்டை வேறு, மூச்சு நின்று நின்று வருகிறது என்று அவர் மனைவி சொல்கிறார். தூக்கத்தில் மூச்சு நிற்பது பிரஷரை ஏற்றும், சர்க்கரையையும் கெடுக்கும். இவருக்கு மூன்று தடவை மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். ஒரு தடவைகூட "என்ன வேலை, எப்போ தூங்குறீங்க?" என்று கேட்டதில்லையாம். மருந்துச் சீட்டில் 'ஒரு வேளை காலை, ஒரு வேளை இரவு' என்று இருக்கிறது. அவருக்கு எது காலை, எது இரவு?

இன்னொன்று, பெண்கள் சொல்லக் கூச்சப்படுவது. காட்டில் வேலை செய்கிற பெண்களுக்கு மறைவிடம் கிடையாது. அதனால் காலையிலிருந்து மதியம் வரை தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வந்தாலும் அடக்கிக்கொள்வார்கள். பிறகு கடுப்பு, எரிச்சல், மூத்திரத் தொற்று. கிருமி மருந்து கொடுப்பீர்கள், ஒரு வாரம் நன்றாக இருக்கும், அடுத்த மாதம் மறுபடியும் வருவார்கள். இந்த நோயின் வேர் மூத்திரப் பையில் இல்லை, தோட்ட நிர்வாகத்தின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரே தோட்டத்திலிருந்து நான்கு பெண்கள் இதே தொல்லையோடு வந்தால், டாக்டர் ஒருவர் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் எழுதினால், நிர்வாகத்துக்குக் காது கேட்கும். நான் எழுதிப் பார்த்தேன், கேட்கவில்லை. பூச்சி மருந்து அடித்த பெண்களுக்கு வந்த மூக்கில் ரத்தமும் நகம் அழுகலும் 'கவனக்குறைவு' என்றுதான் வெகுகாலம் பேசப்பட்டது. ஐரின் ஃபெர்னாண்டஸ் நடத்திய தெனாகானித்தா என்ற அமைப்பு அந்தப் பெண்களை உட்காரவைத்துக் கேட்டு 2002ல் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் அடித்த பாரகுவாட் என்ற களைக்கொல்லிக்கு அதே வருஷம் தடை வந்து, 2006ல் தளர்ந்து, 2020 ஜனவரி முதல் முழுத் தடையானது. அதற்கும் முதலில் யாரோ ஒருவர் கேட்க வேண்டியிருந்தது.

நீங்கள் கேட்காவிட்டால் கேட்கிறவர்கள் வேறு இருக்கிறார்கள் என்பதுதான் என் பயம். எங்கள் ஊரில் மாதம் ஒருவராவது கோட் போட்டுக்கொண்டு வந்து மண்டபத்தில் கூட்டம் போடுகிறார். நாக்கைப் பார்க்கிறார், கையைப் பிடிக்கிறார், குடும்பக் கதை முழுவதும் கேட்கிறார், "உங்க எல்லா நோய்க்கும் வேர் ஒன்றுதான், குடலில் நச்சு" என்று சொல்லி 600 வெள்ளிக்கு (ரிங்கிட்) டப்பாவை விற்றுவிட்டுப் போகிறார். ஜனங்கள் ஏமாளிகள் என்று சொல்லாதீர்கள். முப்பது நிமிஷம் முகத்தைப் பார்த்துப் பேசியதற்குத்தான் அந்தக் காசு. மூட்டு வலிக்கு என்று வருகிற சில மூலிகை உருண்டைகளில் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துபோகும், முகம் நிலா மாதிரி உப்பும், சர்க்கரை எகிறும், சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டப்பாவில் எம்.ஏ.எல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி நான் தொண்டை வற்றச் சொல்கிறேன். நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். திட்டினால் அடுத்த தடவை மறைத்துவிடுவார்கள்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வெள்ளி கட்டி நம்பர் எடுத்துக் காத்திருக்கிற கூட்டத்தை நானும் பார்க்கிறேன். 2021 ஜூலை 26ல் ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடுத்தி வெளியே வந்து நின்றபோது, அந்தக் கூட்டத்தில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள், நான் பெருமையும் வேதனையுமாகப் பார்த்தேன். ஒரு டாக்டர் நோயாளியைப் பழகிக்கொள்ளும் முன்பே மாற்றலாகிப் போவதும் உங்கள் தவறில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் கொடுங்கள் என்று கேட்க மாட்டேன், அது நடக்காது. வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீண்டநாள் நோயாளி ஒவ்வொருவரையும் வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும், மூலிகையையும், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததையும் பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். மேசையில் கொட்டி, தேதிப்படி அடுக்குங்கள். மருந்தாளர்கள் இதை உங்களைவிட நன்றாகச் செய்வார்கள், அவர்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். வேலை, தூக்கம், சாப்பாடு மூன்றையும் அட்டையில் ஒரு வரியில் எழுதிவையுங்கள், அடுத்து வருகிற டாக்டர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிராது. 40 வயது தாண்டிய ஏழைக் குடும்பத்தினருக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை இருக்கிறது, எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியாது, நீங்கள் சொன்னால்தான் நம்புவார்கள்.

இடம் இல்லை என்று சொல்ல முடியாது. எங்கள் மாரியம்மன் கோயில் மண்டபம் சனிக்கிழமை சாயங்காலம் சும்மாதான் இருக்கிறது. நாற்பது நாற்காலி, நான்கு நீள மேசை, இரண்டு மின்விசிறி. தலைவரிடம் பேசிவிட்டேன், சரி என்றார். சீனி போடாத தேநீருக்கு அண்ணி பொறுப்பு. டாக்டர் ஒருவரும் மருந்தாளர் ஒருவரும் இரண்டு மணி நேரம் வந்தால் போதும், பையை எப்படி அடுக்குவது என்று எங்கள் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் எட்டுப் பேருக்கு நான் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறேன். மண்டபச் சாவி என்னிடம் இருக்கிறது. ஐந்து மணிக்குத் திறந்துவைக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தோட்ட ஆஸ்பத்திரி டிரெசர்